குடைத் துணிப் பைகள்

மதுரைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் காலையில் எங்கள் வாசலுக்கு வந்தபோது அவருக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை வாசற்படியில் போட்டார். கோபமாகப் பேசவில்லை. "இதுக்குள்ள படுத்ததுக்கு வெறும் பாறையில படுத்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சூரியநெல்லி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். என் கணவர் தலையைக் குனிந்தபடி அந்த ஈர மூட்டையைத் தூக்கி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவர் எஸ்டேட் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். நான் கொழுந்து எடுத்தேன். லீவு நாட்களில் மலையேற வருகிறவர்களுக்கு வழி காட்ட அவர் போவார். அப்போதெல்லாம் அதிகம் பேர் வருவதில்லை. கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்துக் கல்லூரிக்காரர்கள், எப்போதாவது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அவ்வளவுதான். ஊருக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார துரை, சாமான் கட்ட உதவி செய்ததற்காக இவருக்கு நான்கு ஸ்லீப்பிங் பேக்குகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் பறவை இறகு அடைத்தவை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் அதற்குக் கோழி மெத்தை என்று பெயர். இரவு மலையில் தங்குகிறவர்களுக்கு அதை வாடகைக்குக் கொடுத்தோம்.

அந்த மெத்தைகளோடு வந்த உறைகளைத்தான் துரை பங்களா கிடங்கில் எலி கடித்திருந்தது. உறை இல்லாத ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டிக் கயிறு போட்டால் கல்யாண வீட்டு ஜமுக்காளம் மாதிரி இருக்கும். அதை முதுகில் வைத்துக்கொண்டு புதருக்குள் நுழைய முடியாது. போதாததற்குப் பனி. இறகு ஒரு தடவை நனைந்தால் மழையில் நனைந்த கோழியைப்போல ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர் வெயிலில் அது காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இறுக்கிக் கட்டினால் சின்னதாகிற, தண்ணீர் இறங்காத பை வேண்டும். எங்கள் சம்பளத்துக்கு வாங்க முடிந்ததாகவும் இருக்க வேண்டும்.

"பை பாக்கற வேலைய எங்கிட்ட உடுங்க" என்றேன் நான்.

காரணம் இருக்கிறது. நான் பிறந்தது வடகரப்பதி. கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய கேரளத்து ஊர். அரிசி கடத்தல் மும்முரமாக இருந்த காலத்தில் அங்கே வளர்ந்தேன். செக்போஸ்டில் பையைப் பார்த்தால் போதும், நுனி கூரான இரும்புக் கம்பியைக் குத்தி இழுத்துப் பார்ப்பார்கள். தவிட்டு மூட்டைக்குள் அரிசி இருக்கும், வைக்கோல் கட்டுக்குள் அரிசி இருக்கும், கர்ப்பிணிபோல நடந்து வருகிற பெண்ணின் வயிற்றில் அரிசி இருக்கும். ஒரு பையைப் பார்த்து அது வெறும் பை என்று நினைக்கிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. என் அப்பா தேயிலை லாரி ஓட்டியவர். அந்தப் பழக்கத்தில்தான் இந்த மலைக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். லயத்தில் என் "ஏனுங்க"வைக் கேட்டுச் சிரிப்பார்கள். என் சந்தேகத்தைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை.

முதலில் வீட்டில் இருந்ததை வைத்துப் பார்த்தேன். சணல் சாக்கு பனியைக் குடித்தது. உர மூட்டைக்குள் வருகிற பிளாஸ்டிக் உறையில் மெத்தையைத் திணித்து வாயைக் கட்டி மேலே உட்கார்ந்தேன். உள்ளே இருந்த காற்று போக வழியில்லாமல் உறை உப்பி, மூலையில் வெடித்து, என்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தண்ணீர் உள்ளே போகக் கூடாது, ஆனால் காற்று வெளியே வர வேண்டும். இறுக்குகிற பலம் துணியின்மேல் விழக் கூடாது, வாரின்மேல் விழ வேண்டும்.

பிறகு போடிக்கு இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் மிலிட்டரியில் கழித்த சாமான் என்று சொல்லிப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"பாராசூட் துணிம்மா. யானை மிதிச்சாலும் கிழியாது."

"பாராசூட்டுத் துணிக்கு எதுக்குங்க இத்தன கஞ்சி?" நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக மாவு உதிர்ந்தது.

"அது மெழுகு. தண்ணி எறங்காம இருக்க."

தையலின் உள்பக்கம் பிசிறாக நின்ற ஒரு நூலைப் பிடுங்கினேன். கணவரின் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்தேன். நைலான் என்றால் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டுவிடும். இது காகிதம்போல எரிந்து சாம்பலாக விழுந்தது. கடைக்காரர் பையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி கொக்கியில் மாட்டினார்.

"வாங்க வந்தீகளா, ரெய்டுக்கு வந்தீகளா?"

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "ஒரு பை வாங்கதுக்கு இம்புட்டு விசாரணையா? நாலு பேரு பாக்காங்க" என்றார்.

"நனஞ்ச மெத்தையத் தூக்கிட்டு ஒருத்தரு வந்து நின்னாரே, அத எத்தன பேரு பாத்தாங்க?" என்றேன்.

லாரிக்குத் தார்பாய் தைக்கிறவர் ஒருவரிடமும் கேட்டோம். அவர் கித்தான் துணி நல்ல துணிதான். ஆனால் வெறும் பையே உள்ளே வைக்கப் போகும் மெத்தையின் கனம் இருந்தது. விலையும் எட்டவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. கணவர் இனி இதைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் அவர் ஒரு பையோடு வந்தார்.

கறுப்பு நிறம். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. அவர் மெத்தையை அதற்குள் திணித்து, வாயைச் சுருக்கி, பக்கத்துக்கு இரண்டாக இருந்த வார்களை மாற்றி மாற்றி இழுத்தார். காற்று சுருக்கின் வழியாக உஸ்ஸென்று வெளியே வந்தது. ஜமுக்காளம் அளவு இருந்தது சின்னத் தவலை அளவுக்கு வந்து நின்றது.

"எங்கிருந்துங்க?"

"போடில ஒரு கடைல கெடச்சிச்சு."

"எந்தக் கடைங்க?"

"அந்த... உள்பக்கத்துல ஒரு கடை." சொல்லும்போது அவர் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் ஃபாக்டரிக்குப் போனதும் பையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முக்கோணம் முக்கோணமாகத் துணிகள். ஒன்றின் தலைக்குப் பக்கத்தில் இன்னொன்றின் காலை வைத்துத் தைத்திருந்தது. சில துண்டுகள் நல்ல கறுப்பு, சில வெளுத்துப் பாசி நிறத்துக்கு வந்தவை. ஒவ்வொரு முக்கோணத்தின் மூலைகளிலும் சின்னச் சின்ன ஊசித் துளைகள். குடை. குடைக் கம்பியில் துணியைக் கட்டுகிற இடம் அது. எங்கள் மலையில் ஒவ்வொரு வீட்டிலும் காற்றில் மடங்கிச் செத்த நைலான் குடை ஒன்று கிடக்கும். பரணில் ஏறிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் செத்த குடையைக் காணோம்.

வாரைப் பார்த்தேன். வெள்ளைக் கட்டில் நாடா. ஓரத்தில் நீல நூல் ஓடியது. அது எங்கள் அம்மா வீட்டிலிருந்து கட்டில் பின்ன நான் கொண்டுவந்த நாடா. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உருண்டை இளைத்திருந்தது.

போடிக் கடைக்காரனிடம் என் அம்மா வீட்டு நாடா போயிருக்க வழியில்லை. ஆக, பொய். இந்த லயத்திலோ அடுத்த லயத்திலோ தையல் மிஷின் வைத்திருக்கிற யாரோ தைத்திருக்கிறார்கள். தையல் இரட்டை ஓட்டம், நேராக, நெருக்கமாக இருந்தது. ஆனால் அங்கங்கே ஒரு தையல் விட்டு விட்டுப் போயிருந்தது. பஜாரில் இருக்கும் டெய்லரின் மிஷின் அப்படி விடாது. அவரிடம் நான் ரவிக்கை தைத்திருக்கிறேன்.

கணவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். அதையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அதன்பிறகு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். ஷிஃப்ட் முடிந்து எந்த வழியாக வருகிறார், சட்டையில் நூல் ஒட்டியிருக்கிறதா, யார் பேரைச் சொன்னால் முகம் மாறுகிறது என்று பார்த்தேன். இரண்டாவது பையும் வந்தது. "அதே கடைங்களா?" என்றேன். "அதே கடைதான்" என்றார். மலைக்குப் போய்விட்டு வந்த நாளில் பைகளை வாசல் திண்டில் வைப்பார். அவர் குளிக்கப் போனதும் நான் அவற்றைப் புரட்டிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தபோதுதான் முடிச்சு கண்ணில் பட்டது. ஒரு பையின் வார் முடிச்சு அவர் போடுகிற முடிச்சு. எனக்கு அது தெரியும், ஆட்டுக்கும் அவர் அப்படித்தான் போடுவார். இன்னொரு பையில் முடிச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

மலையேற வந்தவர்கள் யாரும் பையைக் கட்ட மாட்டார்கள். அது அவர் வேலை. அப்படியென்றால் அந்த மலையில் அவரோடு இன்னொரு கை இருந்திருக்கிறது. தைத்த கைதான் கூடவே போயிருக்கிறதோ, அது ஒரு பெண்ணின் கையோ என்று தோன்றியது.

மிஷின் இருக்கிற வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு வீடு மிஞ்சியது. அதை நான் நினைக்காமல் இருந்ததற்குக் காரணம், அந்த வீட்டை நினைப்பதே எங்கள் லயத்தில் வழக்கத்தில் இல்லை.

டிராக்டர்காரர் வீடு அது. முந்தைய வருஷம் நடந்த ஸ்ட்ரைக்கில் எல்லோரும் வேலையை நிறுத்தியபோது அவர் மட்டும் கம்பெனி டிராக்டரை எடுத்து ஓட்டினார். ஏன் ஓட்டினார் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்ட்ரைக் முடிந்தது, ஆனால் அவர்களோடு யாரும் பேசுவதில்லை என்பது முடியவில்லை. அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். சர்ச்சில்கூட அவர்கள் பெஞ்சு காலியாக இருக்கும் என்று கேள்வி. அந்த அம்மாள் முன்பு லயத்துக்கே பாவாடை, ரவிக்கை தைத்தவள். இப்போது யாரும் துணி கொடுப்பதில்லை. நானும் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நின்றவள்தான். தொழிற்சங்கத்தோடு எல்லோரும் நின்றபோது நானும் நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் நான்கு மாணவர்களோடு போன கணவர் மலையிலேயே இருந்தபோது, மிச்சமிருந்த நாடா உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். பட்டப்பகல். லயத்தின் கடைசி வீடு. கதவைத் தட்டினேன். மிஷின் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு கை அகலம் திறந்தது.

"என்ன வேணும்?" என்றாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"பை தைக்கோணுமுங்க."

"இங்க யாரும் தைக்கது இல்ல."

"இப்ப மிஷின் ஓடுச்சே."

"அது எங்க வீட்டுத் துணி."

நான் முந்தானையை அவிழ்த்து நாடாவைக் காட்டினேன். நீல ஓரத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளுக்கு மேலே லயத்தை எட்டிப் பார்த்தாள்.

"சங்கத்துல சொல்லி அனுப்பிச்சாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

"அப்படித்தான் சொல்லுவாக." ஆனால் உள்ளே விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. மிஷினில் மூன்றாவது பை பாதி தையலில் கிடந்தது. மூலையில் கம்பி உருவிய குடைகள் கிடந்தன.

சுற்றிப் பார்த்தேன். "உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காக."

அதை அவள் சொன்ன விதம் என் கணவர் போடிக் கடை என்று சொன்ன விதம்போலவே இருந்தது. கண் வேறெங்கோ இருந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில்தான் வேறொரு எண்ணம் வந்தது.

"அவரு எந்தக் கையிலீங்க முடிச்சுப் போடுவாரு?"

அவள் புரியாமல் பார்த்தாள். "எடதுகை. எதுக்குக் கேக்கீக?"

நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, ஒளிப்பதில் இனிப் பிரயோசனம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும், மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரரும் சேந்துதான் மலைக்குப் போறாக. கலியாணத்துக்கு முந்தியே அப்படித்தான் திரிவாக. பாதை எல்லாம் இவுகளுக்குத்தான் அத்துப்படி. ஸ்ட்ரைக்குக்குப் பொறவு இவுக மேல் டிவிஷன் தோட்டம் வழியாப் போவாக, உங்க வீட்டுக்காரரு பஜார் வழியாப் போவாரு. மேல சேந்துக்குவாக. இறங்கும்போது பிரிஞ்சிருவாக. பை தைக்கச் சொன்னதும் உங்க வீட்டுக்காரருதான். எனக்கு வேற தையல் இல்லன்னு தெரியும்லா."

நான் நம்பினேனா? பாதிதான். மீதியைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. சாயங்காலம் இரண்டு பாதைகளும் பிரிகிற வளைவில், யூகலிப்டஸ் மரத்தடியில் போய் நின்றேன். மாணவர்கள் முதலில் பாடிக்கொண்டே போனார்கள். பிறகு இரண்டு பேர் வந்தார்கள், தோளோடு தோள், ஆளுக்கு இரண்டு மூட்டையோடு. பீடியை ஒருவர் பற்றவைத்து மற்றவருக்குக் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் நின்றார்கள்.

டிராக்டர்காரர்தான் முதலில் பேசினார். "நான் சொன்னம்ல, என்னைக்காவது ஒருநாள் இப்படி வந்து நிப்பாங்கன்னு."

டிராக்டர்காரர் தன் தோளில் இருந்த மூட்டைகளை இறக்கி என் காலடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல மேல் பாதையில் திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பிறகு அவர் சொன்னார். "ஒனக்குத் தெரிஞ்சா நீயும் மறைக்கணும். கொழுந்துக் காட்டுல, குழாயடில, எல்லா எடத்துலயும். ஒனக்கு அது வராது புள்ள."

"வராதுதானுங்க. ஆனா வருமா வராதான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க? நான் என்னென்னவோ நெனச்சேன்."

"என்ன நெனச்ச?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அன்றோடு போகவில்லை. ஒரு பெண் இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டு முடித்திருக்கலாம். இது ஒரு வருஷமாக என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னை நம்பாமல் இருந்தது.

ஆனால் பை வேலை நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். முதல் பையின் அடியில், முக்கோணக் கூர்கள் கூடுகிற இடத்தில், தையல் விரியத் தொடங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை கதவு சீக்கிரம் திறந்தது. ஆனால் அகலமாக இல்லை.

அடிக்கு வட்டமாக ஒரு ரெக்ஸின் துண்டு போடலாம் என்று அவள் சொன்னாள். பழைய ஜீப் சீட்டு உறை ஒன்று அவளிடம் இருந்தது. நாடாவைப் பையின் பக்கத்தில் மட்டும் தைக்காமல் அடி வழியாகச் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னேன் நான், இழுக்கிற பலத்தைத் துணி வாங்காமல் நாடா வாங்க வேண்டும் என்று. பள்ளிக்கூடப் பையிலிருந்து கழற்றிய வளையங்களை முடிச்சுக்குப் பதிலாக மாட்டினோம். கூடுகிற இடமெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். மெத்தையைத் திணித்து, இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு அதன்மேல் அழுத்தினோம்.

வேலை நன்றாக நடந்தது. நம்பிக்கை மட்டும் வரவில்லை. நாடாவை வெட்டும் முன் அவள் முழம் போட்டு என்னிடம் காட்டினாள், வெட்டிய பிறகும் காட்டினாள். குறைந்துவிட்டது என்று நான் நாளைக்குச் சொல்லக் கூடாதாம். நான் அவள் வீட்டுச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தால், "என்ன பாக்கீக?" என்பாள். நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் பின்னால் சங்கம் நிற்கிறதா என்று அவள் கண் தேடும். அவள் புருஷன் ஏன் அன்று டிராக்டரை எடுத்தார் என்று என் கண்ணும் தேடிக்கொண்டுதான் இருந்தது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான்கு பைகளும் முடிந்தன. மழைக்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு இவர்கள் போனபோது, ஓடையைத் தாண்டுகையில் ஒரு மாணவன் வழுக்கி விழுந்தான். அவன் முதுகில் இருந்த பை கழன்று தண்ணீரில் போய்விட்டது. டிராக்டர்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்து இழுத்தார். மேலே போய்த் திறந்து பார்த்தால் வாய்ப்பக்கத்தில் கையகலம் மட்டும் ஈரம். மீதி இறகு காய்ந்து கிடந்தது. அந்தப் பையன் அன்று இரவு அதற்குள்ளேயே தூங்கினான்.

நல்ல செய்திதான். ஆனால் கீழே வந்த மாணவர்கள் அதைப் பஜார் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார்கள். "அந்த டிராக்டர் அண்ணன் மட்டும் இல்லேன்னா" என்று ஒருவன் சொல்ல, டீக்கடையே காது கொடுத்துக் கேட்டது.

மறுநாள் சங்கத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஸ்ட்ரைக் சமயத்தில் எங்கள் லயத்துக்கு அரிசி கொண்டுவந்து சேர்த்தவர். கணவர் ஃபாக்டரியில் இருந்தார். வந்தவர் பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செக்போஸ்டில் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"நல்ல தையல். யாரு தச்சது?"

பஜார் டெய்லர் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் பொய் சொன்னால் அவருக்கு வேலை சுலபம்.

"கடைசி ஊட்டு அக்கா தச்சதுங்க" என்றேன்.

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க. போடியில பாத்தோம், தார்பாய்க்காரர்கிட்டப் பாத்தோம். இந்த வெலைக்கு இந்தத் தையல் வேற எங்கயும் கெடைக்கல."

"வெலையப் பத்தி நான் கேக்கல."

"பையப் பத்தித்தானுங்க நீங்க கேட்டீங்க."

அவர் பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "பாத்து நடந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த வாரம் குழாயடியில் தெரிந்தது. நான் போனதும் பேச்சு நின்றது. குடங்கள் விலகின. கொழுந்துக் காட்டில் என் நிரைக்குப் பக்கத்து நிரைக்காரி கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு லயம் முழுக்க வெற்றிலை பாக்கு வைத்தார்கள், எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். கணவர் சொன்னது சரிதான் என்று அவரிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் சொல்லிக்காட்டவில்லை. இப்போது மறைக்க ஒன்றும் இல்லாததால் இரண்டு பேரும் பஜார் வழியாகவே சேர்ந்து மலைக்குப் போனார்கள். குழாயடியில் நானும் கடைசி வீட்டு அக்காவும் ஒரே நேரத்தில் போக ஆரம்பித்தோம். இரண்டு பேராக இருந்தால் குடம் நிரம்பும்வரை நிற்பது சுலபமாக இருந்தது.

எத்தனையோ மாதம் அப்படி ஓடியது. அது முடிந்த விதம்தான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. போனஸ் பேச்சுவார்த்தைக்கு எல்லாச் சங்கங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன என்றார்கள். அதற்கு அடுத்த நாள் குழாயடியில் ஒருத்தி கடைசி வீட்டு அக்காவின் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். எவரும் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பு இல்லை, சமாதானம் இல்லை. ஒரு சுவரை இரவோடு இரவாக இடித்துச் செங்கல்லையும் அள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அந்த வாரமே ரவிக்கைத் துணியோடு ஆட்கள் அவள் வாசலில் நின்றார்கள். அவள் எல்லாத் துணியையும் வாங்கினாள். ஒவ்வொன்றையும் கொடுத்தவள் கண்ணெதிரே அளந்து, சொல்லி, பிறகுதான் உள்ளே எடுத்துப்போனாள்.

என்னிடம் மட்டும் அளப்பதை நிறுத்தினாள். அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் நாடாவை அவள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள், நான் வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

பைகள் நன்றாக உழைத்தன. பிறகு கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றுக்கும் அவள் அதேபோல் பைகள் தைத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை புதுத் துணி வாங்கித் தைத்தாள். குடைத் துணியில் தைத்ததுபோல அவை வரவில்லை என்று அவளே குறைப்பட்டுக்கொண்டாள்.

எழுபதுகளின் கடைசியில் டிராக்டர்காரருக்குப் பீர்மேட்டில் ஒரு எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. லாரி ஓட்டும் வேலை, சம்பளம் கூடுதல். ஜீப்பில் சாமான் ஏற்றிய அன்று லயமே வந்து நின்றது. சங்கத்துக்காரர் கட்டிலுக்கு ஒரு பக்கம் கைகொடுத்தார். எதிர்வீட்டுக்காரி சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா முகமும் உண்மையாகத்தான் வருத்தப்பட்டன. குழாயடியில் குடத்தை விலக்கிக்கொண்டதும் இதே முகங்கள்தான்; எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மிஷினை அவள் யாரையும் தொடவிடவில்லை. "நீங்க ஒரு பக்கம் பிடிங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் தூக்கி அதைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்தோம். அவள் கணவர் இடது கையால் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு என் பக்கம் குனிந்து, "இங்க பாத்து இருந்துக்கோங்க" என்றாள். ஜீப் கிளம்பியது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் குழாயடிக்குப் போனேன்.